விருந்தாளி ஒன்று

சித்லகட்டாவில் பட்டுக்கூடு வேகிற நாற்றத்துக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பொத்தினால் அவன் வெளியூர்க்காரன். இல்லையென்றால் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்ட உள்ளூர்க்காரன். ஆஞ்சினப்பாவின் மகன் ஹேமந்த் இரண்டாவது ரகம். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் காரை விட்டு இறங்கும்போதே ஒரு கையில் கைக்குட்டை இருந்தது. இன்னொரு கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பூட்டு.

சாவி இல்லாத பூட்டு. விரலை வைத்தால் திறக்கும், தானே மூடிக்கொள்ளும், யார் வந்தார் யார் போனார் என்று போனுக்குச் சொல்லும், கன்னடத்தில் பேசவும் பேசும். அவசரத்துக்கு ஓர் இரும்புச் சாவி உண்டுதான். அது தொலைந்துவிடக் கூடாதென்று ஹேமந்த் பெங்களூரில் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

ஆஞ்சினப்பா எங்கள் நூல் உருவுவோர் சங்கத்தின் தலைவர். பதினெட்டு வருஷமாகத் தலைவர். தேர்தல் முறையாக நடக்கும். எதிர்த்து நிற்கிறேன் என்று யாராவது எழுந்தால் அவர் பேச ஆரம்பித்துவிடுவார், எழுந்தவர் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கும் தச்சர் பொருத்திவிட்டுப் போயிருந்த பித்தளைப் பூட்டைக் கழற்றி, புது தேக்குக் கதவில் புதிதாக ஓட்டை போட்டு, பெட்டியில் வந்ததை மாட்டி முடிக்கும்வரை வாசலில் நின்று எங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அமீர்ஜான், உன் வீட்டுப் பூட்டுக்கு உன்னைத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா. அதுக்குச் சாவியைத்தான் தெரியும். நான் யாருன்னு கேக்கறதே இல்ல, பாவம், திறந்துடும்." அமீர்ஜானுக்கு அடுத்த தெருவில் கொட்டகை. நாலு தொட்டி வைத்து நூல் உருவுகிறவன்.

"அங்கதான்யா இருக்கு விஷயம். இது ஆளைப் பாக்கும். யஜமான் யாரு, வேத்தாள் யாருன்னு பிரிச்சு வெச்சிருக்கும்."

"அப்ப கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கண்ணா. நமக்கே அது சில நாள் புரியறதில்ல."

ஹேமந்த் அப்பாவின் விரலைப் பதிவு செய்தான். தன் விரலையும் தன் மனைவியின் விரலையும் பதிவு செய்தான். "அம்மா எங்கப்பா? அவங்களையும் ஏத்திட்டா வேலை முடிஞ்சுது."

"அவ கொட்டகையில இருக்கா. விடு, நாளைக்கு முகூர்த்தத்துல ஏத்தலாம். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கணும். வீட்டுக்காரி விரல் பட்டுக் கதவு திறக்கணும். யார் வீட்டுலயாவது நடந்திருக்கா?"

நடந்ததில்லை என்று ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் விசேஷத்தை வைத்துக்கொண்டு முதல் நாள் கொட்டகையில் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். காலையில் சந்தையில் ஏலத்தில் எடுத்த கூடு காத்திருக்காது. இரண்டு நாள் விட்டால் உள்ளே இருக்கிற புழுவுக்கு இறக்கை முளைத்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு பறந்துவிடும். துளை விழுந்த கூட்டிலிருந்து நூல் வராது. எனவே ஆஞ்சினப்பாவின் மனைவி அக்கயம்மா இருபத்தாறு வருஷமாகத் தினமும் எதைச் செய்துகொண்டிருந்தாளோ அதை அன்றைக்கும் செய்துகொண்டிருந்தாள். கொதிக்கிற தொட்டியில் கூடுகள் மஞ்சள் மஞ்சளாகப் புரளும். அதற்குள் விரலை விட்டு, கண்ணுக்குத் தெரியாத நுனியைத் தேடிப் பிடித்து, எட்டுப் பத்து நுனிகளை ஒன்றாகச் சேர்த்து மேலே ஓடுகிற இழையில் கொடுக்க வேண்டும். அறுந்தால் மறுபடி விரலை விட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று யாரும் எண்ணியதில்லை. பக்கத்துத் தொட்டியில் ஜரீனா. இருவரும் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள்; சுடுகிறது என்று மட்டும் பேசியதில்லை.

முகூர்த்தம் காலை ஆறே காலுக்கு. மே மாதத்துப் புழுக்கம் அப்போதே தொடங்கியிருந்தது. மந்திரம் தெரு முழுக்கக் கேட்க வேண்டுமென்று ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பின்கட்டில் ஒப்பட்டுப் போளிக்குப் பூரணம் அரைக்கிற வாசனை. வாசலில் பசுவும் கன்றும். எங்கள் பக்கத்து முறைப்படி பசு முதலில் நுழையும், பின்னால் இடுப்பில் நிறைகுடத்தோடு வீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால்தான் வீட்டுக்காரன். அக்கயம்மா பச்சைப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். தானே உருவின நூலில் தன் ஆயுளில் அவள் கட்டிய மூன்றாவது புடவை அது என்று ஜரீனா என் வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புரோகிதரிடமிருந்து ஒலிவாங்கியை ஆஞ்சினப்பா வாங்கினார். தொண்டையைக் கனைத்தார்.

"உறவுகளே, சங்கத்துச் சகோதரர்களே. இந்த வீட்டோட ஒவ்வொரு செங்கல்லும் இந்தக் கையால வந்தது." கையைத் தூக்கிக் காட்டினார். மூன்று மோதிரங்கள். "உழைப்பு. வேற ஒண்ணும் இல்ல. இப்போ என் சம்சாரம் கதவைத் திறப்பா. சாவியால இல்ல. விரலால."

புரோகிதர் நேரம் ஆகிறது என்று ஜாடை காட்டினார். ஹேமந்த் போனில் எதையோ தட்டிவிட்டு, "அம்மா, கட்டை விரலை இங்க வைங்க," என்றான்.

வைத்தாள்.

பூட்டு பெண் குரலில் பேசியது. "விரல் ரேகை தெளிவாக இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்."

மீண்டும் வைத்தாள். அதே குரல், அதே மரியாதை. வலது கை ஆள்காட்டி விரல், நடு விரல், இடது கை. ஹேமந்த் விரலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். ஊதிப் பார்த்தான். பசு வாசற்கோலத்தின் மேல் சாணம் போட்டது. கன்று கத்தியது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் கொஞ்சமும் கோபப்படாமல் தெரு முழுக்கக் கேட்கச் சொல்லியது, தெளிவாக இல்லை என்று. ஒலிவாங்கி பூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது; அதைப் பிடித்திருந்தவர் ஆஞ்சினப்பா.

"ஏன்டி, நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வரக் கூடாதா?" என்றார். "இன்னிக்குமா புழு நாத்தத்தோட வரணும்?"

அதுவும் தெரு முழுக்கக் கேட்டது.

அக்கயம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தலை குனிந்தது. குடத்துத் தேங்காய் லேசாக ஆடியது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன், எதையாவது சொல்லியிருக்கலாம். பந்தல் கால் சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன்.

பேசியது ஜரீனா. "அண்ணா, அது கழுவினா வராது. கழுவிக் கழுவித்தான் போச்சு."

"நீ சும்மா இரும்மா."

"இல்லண்ணா. நாலு வருஷம் முன்னால ரேஷன் கடை மெஷின்ல எங்க விரல் விழலன்னு நீங்கதானே தாசில்தார் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க? சுடு தண்ணியில எங்க சகோதரிகளோட ரேகை கரைஞ்சு போச்சுன்னு பேசினீங்களே. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நாங்க மாலை கூடப் போட்டோம்."

உண்மை. அந்தப் புகைப்படம் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டியிருக்கிறது. அன்றைக்கு அவர் பேசிய பேச்சில் பெண்களில் பாதிப் பேர் அழுதார்கள். ஊரிலிருக்கிற அத்தனை பெண்களின் விரலைப் பற்றியும் பேசியவர், வீட்டில் தட்டு வைக்கிற விரலைப் பார்க்கவில்லை. அவர் வீட்டு ரேஷனுக்கு எப்போதும் அவர் விரலைத்தான் வைத்தார். அது உடனே விழுந்துவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததை விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டோம். "எங்க, நான் வெக்கறேன்," என்று ஜரீனா வைத்தாள், தெளிவாக இல்லை. அவள் பின்னால் வந்த இரண்டு பெண்களும் வைத்தார்கள், தெளிவாக இல்லை. அமீர்ஜான் வைத்தான். பூட்டு சற்று யோசித்துவிட்டு அவனையும் தள்ளிவிட்டது. "நான் பாதிதான் உழைச்சிருக்கேன் போல. யோசிக்குது பாருங்க!" என்றான். சிரிப்பு. முகூர்த்தம் தப்புகிறது என்று புரோகிதர் கத்தவே, ஆஞ்சினப்பா தன் கட்டை விரலை நீட்டினார்.

தொட்டாரோ இல்லையோ, ஒரு சின்ன சங்கீதம். "வரவேற்கிறோம், ஆஞ்சினப்பா அவர்களே!" கதவு திறந்துகொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அமீர்ஜான் மெதுவாகச் சொன்னான்: "விரல்னா அப்படி இருக்கணும். பிறந்த குழந்தை விரல் மாதிரி."

அப்போது சிரித்தோம். வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆஞ்சினப்பாவின் முகம் சிவந்ததைப் பார்க்க எங்களுக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ருசியில் அக்கயம்மா அங்கே நிற்கிறாள் என்பது மறந்துபோனது. பசு நுழைந்தது, அவர் நுழைந்தார், குடத்தோடு அவள் மூன்றாவதாக நுழைந்தாள். ஒப்பட்டு மிருதுவாக இருந்தது. நெய் தாராளம்.

சாயங்காலம் ஹேமந்த் பூட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டான். இருபது நிமிஷம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பையன் பேசினான்.

"சார், சாதனத்துல குறை இல்ல. பயனர் விரல்லதான் குறை."

"எங்கம்மா விரல்ல குறையா?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வேற விரல் இருந்தா முயற்சி பண்ணுங்க."

"பத்தும் பண்ணியாச்சு."

"அப்போ எண் கொடுத்துடலாம் சார். ஆனா குடும்ப உறுப்பினர்னு பதியணும்னா ரேகை கட்டாயம். பாதுகாப்புக்காக. ரேகை இல்லாதவங்களை விருந்தாளி பட்டியல்ல போடலாம். முப்பது நாளைக்கு ஒரு எண் வேலை செய்யும். அப்புறம் வீட்டு உரிமையாளர் ஒவ்வொரு தடவையும் அனுமதி கொடுக்கணும், இல்லன்னா புது எண் போடணும்."

ஹேமந்த் அப்பாவின் போனில் எண்ணைப் போட்டுவிட்டுப் பெங்களூர் கிளம்பினான். பெயர் கேட்ட இடத்தில் அம்மா என்று எழுதப் பார்த்தான்; விருந்தாளிக்குப் பெயர் வைப்பது மாதக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்றது செயலி. ஆகவே அக்கயம்மா விருந்தாளி ஒன்று ஆனாள்.

அவளுக்கு அது தெரியாது. ஆறு இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகவர இருந்தாள். பூட்டுக்குத் தெரியும், அது போனுக்குச் சொல்லும், போன் ஆஞ்சினப்பாவின் ஜிப்பாப் பைக்குள்ளிருந்து ஊருக்குச் சொல்லும். விடிகாலையில் கொட்டகை அடுப்பு மூட்டக் கிளம்பினால், "விருந்தாளி ஒன்று வெளியேறினார்." களி கிண்ட வந்தால், "விருந்தாளி ஒன்று வருகை." டீக்கடையில், சந்தையில், ஒருமுறை சாவு வீட்டில். அந்தக் குரலை அடைக்கவும் மாதக் கட்டணம் உண்டு என்று ஹேமந்த் சொன்னான். "பூட்டையும் வித்து, அதுக்கு வாயையும் வெச்சு, வாயை மூடவும் காசு கேக்கறானா?" என்று ஆஞ்சினப்பா எங்களிடம் கொதித்தார். போனை மொத்தமாக அணைத்து வைக்கலாம். ஆனால் ஏலம் கேட்பதும் அதில்தான்.

"கழட்டிடுங்கண்ணா," என்றான் அமீர்ஜான். "பழைய பித்தளைப் பூட்டு எங்க?"

"மகன் ஆசையா வாங்கினது. கதவுல அந்தப் பெரிய ஓட்டை வேற."

ஓட்டை ஒரு காரணம். கழற்றினால் ஏன் கழற்றினார் என்று ஊர் பேசும் என்பது இன்னொன்று. ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. கூடு ஈரமாகி நுனி கிடைப்பது கஷ்டமான ஒரு நாளில் சங்கத்தில் கூட்டம். பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பட்டுக்கூட்டுச் சந்தையில் நுழைகிறவர்கள் இனி விரல் ரேகை வைக்க வேண்டுமென்று ஒரு திட்டம் வரப்போகிறதாம்; நூல் உருவுகிற பெண்களுக்கு அதிலிருந்து விலக்கு கேட்க வேண்டும். நாற்பது ஆண்கள் கூடியிருந்தோம். பெண்கள் வேலையில் இருந்தார்கள்.

ஆஞ்சினப்பா பேசினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே பேசினார். "சார், எங்க பெண்கள் கை நெருப்புல வேகற கை. ரேகை இல்லன்னு ஒரு மெஷின் அவங்களை வெளியில நிறுத்தினா, அது அவங்களுக்கு அவமானம் இல்ல சார், நமக்குத்தான்..."

பையிலிருந்து குரல் வந்தது. "விருந்தாளி ஒன்று வாசலில் காத்திருக்கிறார். அனுமதிக்கலாமா?"

முப்பது நாள் முடிந்திருந்தது.

அவர் போனை எடுத்தார். திரையில் மழையில் நனைகிற ஒரு தலை மங்கலாகத் தெரிந்தது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். எதையோ அமுக்கினார். அனுமதியோ மறுப்போ, அவருக்கே தெரிந்திருக்காது. "...நமக்குத்தான் அவமானம்," என்று தொடர்ந்தார்.

"விருந்தாளி ஒன்று வாசலில் காத்திருக்கிறார். அனுமதிக்கலாமா?"

அதிகாரி நல்ல மனிதர். "வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க போல. பாருங்க தலைவரே, ஒண்ணும் அவசரம் இல்ல. யாரு?"

ஆஞ்சினப்பா எங்களைப் பார்த்தார். நாற்பது பேருக்கும் தெரியும் யார் என்று. ஒரு சொல். என் சம்சாரம் சார், விரல் விழாது சார் என்றால், அதுவரை பேசியதற்கெல்லாம் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் உங்கள் வீட்டு மெஷின்?

"யாரோ தெரியல சார்," என்றார். "ஏதாவது விக்க வந்தவங்களா இருக்கும்."

"அப்படியா? எங்க வீட்டுலயும் இதே பூட்டுதான். இப்படிக் கொடுங்க." அதிகாரி போனை வாங்கி இரண்டு தட்டு தட்டினார். "தெரியாதவங்களைத் தடுத்து வெச்சுடணும். இனிமே தொந்தரவு பண்ண மாட்டாங்க."

போனைத் திருப்பித் தந்தார். ஆஞ்சினப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நன்றி சார் என்றும் சொன்னார். அமீர்ஜான் வாயைத் திறந்தான். அவன் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. மூடிக்கொண்டான். மனுவில் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

அதிகாரியின் ஜீப் நகர்ந்ததும் ஆஞ்சினப்பா ஓடினார். தலைவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. குடை கொடுக்கிற சாக்கில் நாலைந்து பேர் பின்னாலேயே போனோம்.

புது வீட்டு வாசலில் அக்கயம்மா இல்லை. அவள் பழைய எண்ணை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறாள். பூட்டு அவளைத் திருடன் என்று முடிவு செய்து ஊளையிட ஆரம்பித்துவிட்டது. தெருவே வெளியே வந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஆஞ்சினப்பாவிடம் சொன்னார்: "உங்க சம்சாரத்தை நான் உள்ள கூப்பிட்டேன் தலைவரே. வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் பாக்கறாங்கன்னு மூஞ்சியை மூடிக்கிட்டுப் போனாங்க." இத்தனையும் கேட்டுவிட்டு அவர் விரலை வைத்தார். ஊளை நின்றது. "வரவேற்கிறோம், ஆஞ்சினப்பா அவர்களே!"

உள்ளே போகவில்லை. திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார்.

கொட்டகைக்குக் கதவு கிடையாது. பாதி ஒதுங்கிய ஒரு சாக்குத் திரை. உள்ளே நீராவி. அக்கயம்மா தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜரீனாவின் மாற்றுப் புடவையைக் கட்டியிருந்தாள். ஈரத் தலையில் ஒரு துண்டு. நாங்கள் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். போயிருக்க வேண்டும். போகவில்லை.

"அந்த ஆபீசர்தான் அமுக்கிட்டார்," என்றார் ஆஞ்சினப்பா.

அவள் கூடுகளைப் புரட்டினாள். ஒரு நுனி அகப்பட்டது, மேலே கொடுத்தாள்.

"நான் பேசிக்கிட்டு இருந்தேன். நடுவுல போன் வந்துச்சு. அவரு வாங்கி..."

"யாருன்னு அவரு கேக்கலையா?"

ஜரீனா தலையைத் தூக்கவில்லை. திரைக்கு வெளியே அமீர்ஜான் என் கையிலிருந்த குடையைப் பார்த்தான். நான் அதை மடக்கினேன், பிரித்தேன், மறுபடி மடக்கினேன்.

"கேட்டாரு," என்றார் கடைசியில்.

அக்கயம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அதிகாரிக்குத் தந்த பதிலை அவர் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. சொல்லாததே அவளுக்குப் போதுமாயிருந்தது. தொட்டியில் கொதி அடங்கிக்கொண்டு வந்தது. கூடுகள் புரளாமல் மிதந்தன.

"சூடு போகுது," என்றாள், அவரைப் பார்க்காமல். "அடுப்புல ரெண்டு விறகு தள்ளுங்க."

ஏதோ பெரிய மன்னிப்பு கிடைத்துவிட்டது போல ஆஞ்சினப்பா ஜிப்பாக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று வடக்கு மூலைக்குப் போனார். அங்கே காலி சாக்குகள். தெற்கு மூலையில் புழுக் கூடைகள். திண்டின் கீழே குனிந்து பார்த்தார். ஒரு சுற்று சுற்றிவிட்டு நடுவில் நின்றார்.

"விறகு எங்க இருக்கு?" என்று கேட்டார். மனைவியிடம் இல்லை, ஜரீனாவிடம், தாழ்ந்த குரலில்.

ஜரீனாவின் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தன. மோவாயால் பின்பக்கத்துச் சார்ப்பைக் காட்டினாள்.

"அங்க மாத்தி ஆறு வருஷமாச்சுண்ணா," என்றாள்.